பெயரில் ஓர் எழுத்து: பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு எங்கே தவறுகிறது?

போன வருடம் ஒரு அம்மா என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்த்தவர், 58 வயது முடிந்திருந்தது. முதல் மில்லில் ஏழு வருடம், அப்புறம் கொஞ்ச நாள் வீட்டில், பிறகு இரண்டாவது மில்லில் எட்டு வருடம். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆதாரில் கணவரின் இனிஷியல் இருந்தது. முதல் மில்லின் பழைய பி.எஃப். சீட்டில் அப்பாவின் இனிஷியல். இரண்டாவது மில் பதிவில் இனிஷியலே இல்லை. பெயரில் வரும் 'லட்சுமி'யை இங்கிலீஷில் ஒரு இடத்தில் எக்ஸ் போட்டு எழுதியிருந்தார்கள், இன்னொரு இடத்தில் கே-எஸ்-எச் போட்டு.

"ஏனுங்க தம்பி, மாசாமாசம் புடிச்ச காசுதானுங்களே. ஒரு எழுத்து மாறுனா என்னுது இல்லைன்னு ஆயிருமுங்களா?" என்று கேட்டார்.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு மில்லும் மாதம் தவறாமல் பிடித்தன, தவறாமல் கட்டின. ஆனால் பி.எஃப். ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். ஏழையும் எட்டையும் சேர்த்தால் 15. சேர்க்காவிட்டால் இரண்டுமே பத்துக்குக் கீழே. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை முதல் மில்லில் வேலை பார்த்தவர் ஒருவர், இரண்டாவது மில்லில் வேலை பார்த்தவர் வேறொருவர்.

சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். சம்பள மென்பொருள் வாங்க நினைக்கும் முதலாளிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கணக்கு சரியாப் போடுமா?" என்பதுதான். கணக்கை இன்று எல்லா மென்பொருளும் சரியாகவே போடுகின்றன. ஒருவர் வேலைக்குச் சேரும் நாளில் என்ன பதிகிறோம், எந்தப் பெட்டியில் டிக் போடுகிறோம், அவர் விலகும் நாளில் எதைப் பதியாமல் விடுகிறோம் என்பதில்தான் தொழிலாளியின் பணம் மாட்டிக்கொள்கிறது. அந்தத் தவறை மென்பொருள் மாதாமாதம் ஒழுங்காகத் திருப்பிச் செய்துகொண்டே இருக்கும்.

முதலில் அடிப்படை. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்திலிருந்து வந்த விதிப்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். கட்டாயம். தொழிலாளியிடம் 12 சதவீதம் பிடிக்க வேண்டும், முதலாளியும் 12 சதவீதம் போட வேண்டும். முதலாளியின் பங்கு இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்கு, மீதி 3.67 சதவீதம் வைப்பு நிதிக்கு. இதற்கு மேல் காப்பீட்டுக்கு அரை சதவீதமும் நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதமும் முதலாளி கட்டுகிறார். கட்டாயப் பங்களிப்புக்கான ஊதிய வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 10 பேர் இருந்தாலே வந்துவிடும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும்.

அந்த 15-ஆம் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் சம்பளப் பிரிவில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மென்பொருள் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தயாரித்துக் கொடுக்கும். பி.எஃப். இணையதளத்தில் ஏற்ற வேண்டிய மாதாந்திரக் கணக்குப் பட்டியலான இ.சி.ஆர். அதுதான். ஒரு தொழிலாளிக்கு ஒரே வரி. முதலில் 12 இலக்க யுஏஎன் எண் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்), அடுத்து பெயர், அதன் பிறகு வெறும் எண்கள்:

14000#~#12000#~#12000#~#12000#~#1440#~#1000#~#440#~#2#~#0

மொத்தச் சம்பளம் 14,000. பி.எஃப்., ஓய்வூதியம், காப்பீடு ஆகிய மூன்றுக்கும் எடுத்துக்கொண்ட ஊதியம் 12,000. தொழிலாளியின் பங்கு 1,440. முதலாளியின் பங்கில் ஓய்வூதியத்துக்கு 1,000, வைப்பு நிதிக்கு 440. கடைசிக்கு முந்தைய '2' என்பது சம்பளமில்லாத இரண்டு நாள். தொழிலாளியைப் பற்றி பி.எஃப். அலுவலகத்துக்கு மாதாமாதம் போவது இந்த ஒரு வரிதான். இதில் எந்தப் பெட்டியிலாவது எண் தப்பாக இருந்தாலும் கூட்டுத்தொகை சரியாக இருந்தால் ஃபைல் ஏறிவிடும், சலான் வரும், பணம் போகும், எல்லாம் பச்சையாகத் தெரியும். ஹெச்.ஆர். நிம்மதியாக வீட்டுக்குப் போவார். தவறு தெரியவர பத்து வருடம் ஆகலாம்.

தமிழ்நாட்டில் பெயர் என்பது தனிப் பாடு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, புள்ளி உண்டா, விரித்து எழுதினால் அப்பா பெயர் முதலா தன் பெயர் முதலா என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு மாதிரி. பான் அட்டையில் அப்பாவின் பெயர் விரிந்து நிற்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக இருக்கும், பேங்க்கில் இருக்கவே இருக்காது. கல்யாணம் ஆன பெண்களுக்கு இனிஷியலே மாறிவிடும். பிறந்த தேதியும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று வாத்தியார் போட்ட தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் தேதி ஒன்று. ஆதாரில் பிறந்த வருடம் மட்டுமே இருப்பவர்களும் உண்டு.

யுஏஎன் எண்ணுடன் ஆதாரை இணைக்காவிட்டால் அந்தத் தொழிலாளிக்கு இ.சி.ஆர். ஏற்ற முடியாது என்ற விதி 2021-இல் வந்தது. அன்றிலிருந்து புதிதாகச் சேருபவர்கள் விஷயத்தில் பெயர்க் குழப்பம் குறைந்திருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து புதிய யுஏஎன் எண்ணைத் தொழிலாளியே அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டி உருவாக்கிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் சேருகிறவர் சொன்னதைக் கேட்டு, டைப் அடிப்பவர் தனக்குத் தெரிந்த ஸ்பெல்லிங்கில் அடித்துவிடுவார். அது இனி நடக்காது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கையில் ஸ்மார்ட்ஃபோன் இல்லாத ஐம்பது வயதுக்காரரை, மில் கேட்டில் நிறுத்தி, "ஃபோன் கொண்டுவந்தால்தான் வேலை" என்று சொல்வது நியாயமில்லை. சேர்க்கும் நாளில் அலுவலக ஃபோனைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று செய்து கொடுப்பது ஹெச்.ஆரின் வேலை.

பழைய பதிவுகளைத் திருத்தவும் வழி இருக்கிறது. 2017 அக்டோபர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ கிடைத்து, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட யுஏஎன் என்றால், 2025 ஜனவரியிலிருந்து பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் போன்றவற்றை உறுப்பினரே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம், முதலாளியின் ஒப்புதல் தேவையில்லை. அதற்கு முந்தையது என்றால் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி தர வேண்டும். மில் இருந்தால் சரி. மூடிவிட்டால்தான் அலைச்சல்.

இப்போது பெட்டியில் போடும் டிக்குக்கு வருவோம். எனக்குத் தெரிந்து மிக அதிகமாகத் தவறும் இடம் இதுதான். முதலாளிகளில் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாகப் பி.எஃப்.பில் சேரும் ஒருவருக்கு ஊதியம் 15,000-க்கு மேல் என்றால் அவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. கம்பெனி அவருக்குப் பி.எஃப். பிடித்தால் முதலாளியின் முழுப் பங்கும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். ஆனால் மென்பொருளில் புது ஆளைப் பதியும்போது 'ஓய்வூதியம் உண்டு' என்ற பெட்டியில் டிக் ஏற்கனவே விழுந்திருக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். மாதம் 1,250 ரூபாய் போகக் கூடாத கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாறு வருடம் கழித்து அவர் வேலை மாறிப் பணத்தை மாற்றக் கேட்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும். அப்போது பழைய கம்பெனிதான் ஒவ்வொரு மாதக் கணக்கையும் திருத்திக் கொடுக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. முன்பு குறைந்த சம்பளத்தில் எங்கேயோ ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர், இப்போது 40,000 ரூபாய் சம்பளத்துக்கு வந்தாலும் அவருக்கு ஓய்வூதியப் பங்கு தொடர வேண்டும். எனவே எல்லாம் ஒரே கேள்வியில் தொங்குகிறது: "இதற்கு முன் பி.எஃப். உண்டா?" சேரும்போது நிரப்பும் 11-ஆம் எண் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்கிறது. கல்லூரி முடித்த கையோடு ஆறு மாதம் கால் சென்டரில் வேலை பார்த்த பையன் அதை மறந்துவிட்டு 'இல்லை' என்று போடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது, முதல் வேலையில் பி.எஃப். பிடித்தார்கள் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. பழைய பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நம் கடமை.

58 வயது ஆனதும் ஓய்வூதியப் பங்கு நின்று, அந்தத் தொகையும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். மென்பொருள் பிறந்த தேதியைப் பார்த்துத் தானாக மாற்றிவிடும். பிறந்த தேதி சரியாக இருந்தால்.

இ.எஸ்.ஐ.யில் வேறு மாதிரி. அங்கே வருடம் இரண்டு அரையாண்டாகப் பிரியும்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. ஒருவருக்கு ஜூனில் சம்பளம் 20,000-லிருந்து 22,000 ஆனால், வரம்பு தாண்டிவிட்டது என்று உடனேயே பிடித்தத்தை நிறுத்தக் கூடாது. செப்டம்பர் முடியும் வரை, புதிய சம்பளமான 22,000-க்கே, தொழிலாளியிடம் 165 ரூபாயும் முதலாளியிடம் 715 ரூபாயும் போக வேண்டும். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை கிடைக்கிறது. நோய்க்கால உதவித்தொகை வாங்க அந்த அரையாண்டில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஜூனிலேயே நிறுத்திவிட்டால், நாள் கணக்கு குறைந்துபோய், அவர் படுத்துக் கிடக்கும்போது 70 சதவீத ஊதியம் கிடைக்காமல் போகலாம்.

ஓவர்டைமையும் கவனிக்க வேண்டும். 21,000 வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. பழைய இ.எஸ்.ஐ. சட்டப்படி சந்தா பிடிக்கும்போது மட்டும் அதைச் சேர்த்தார்கள். இரண்டுக்கும் மென்பொருளில் தனித்தனி அமைப்பு உண்டு. ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு மறந்தால், தீபாவளிக்கு முன் நிறைய ஓவர்டைம் பார்த்தவர்கள் இ.எஸ்.ஐ. பட்டியலிலிருந்து தவறாக வெளியே போய்விடுவார்கள். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மா இருக்கிற ஒரு பையனுக்கு, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக் கதவு மூடுவது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். "சார், எனக்கு இன்கிரிமென்ட் வேண்டாம்" என்று என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு.

அடுத்தது, எதை ஊதியம் என்பது. நம் ஊரில் நீண்ட காலமாக ஒரு பழக்கம்: அடிப்படைச் சம்பளமான பேசிக்கைச் சின்னதாக வைத்துவிட்டு, மீதியைப் பலவிதமான படிகளாகப் பிரிப்பது. பேசிக் குறைந்தால் பி.எஃப். குறையும், பணிக்கொடை குறையும். எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் படிகள் பி.எஃப். கணக்கில் ஊதியமே என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற, ஊதியத்தில் சேராத விலக்குகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும் என்பது அவற்றின் விதி.

மாதம் 30,000 வாங்கும் ஒருவருக்கு பேசிக் 9,000, விலக்குப் படிகள் 21,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி என்பது 15,000. தாண்டியது 6,000. ஆக அவருடைய ஊதியம் 15,000. பத்து வருடம் வேலை பார்த்து விலகினால் பணிக்கொடை என்ன? ஒரு மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குவது வழக்கம். 9,000 என்றால் 51,923 ரூபாய். 15,000 என்றால் 86,538. ஒரு செட்டிங்கில் 34,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அதோடு, ஒப்பந்தக் காலத்துக்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை, ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. ஜோஹோ பேரோல், ராம்கோ, கிரேட்எச்ஆர், கேக்கா என்று எந்தச் சம்பள மென்பொருளை வைத்திருந்தாலும், ஒவ்வொரு சம்பளத் தலைப்பும் ஊதியமா விலக்கா என்று குறிக்கும் பட்டியல் ஒன்று உள்ளே இருக்கும். அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியின் தலையில்தான் விழும். பில்லோடு அவர் கொடுக்கும் சலானில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும். அந்தத் தொகை வேறு எங்கேயோ வேலை பார்க்கும் நாற்பது பேருக்கானதாகவும் இருக்கலாம். பெயர்வாரியான இ.சி.ஆர். பட்டியலை வாங்கி, உங்கள் கேட் வருகைப் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். மென்பொருள் நிஜமாகவே உதவும் இடம் இது. இரண்டு பட்டியலையும் கொடுத்தால் விடுபட்ட பெயர்களை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

தாமதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் பயம் இருக்கிறது. பி.எஃப்.பில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் 2024 ஜூன் முதல் மாதத்துக்கு 1 சதவீத இழப்பீடு. இதைவிடப் பெரிய அடி வருமான வரியில் விழுந்தது. தொழிலாளியிடம் பிடித்த பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் எளிது. அது முதலாளியின் பணம் அல்ல, தொழிலாளியின் பணம், கொஞ்ச நாள் நம் கையில் இருக்கிறது. பிடித்துவிட்டுக் கட்டாமலே விட்டால் நம்பிக்கை மோசடி என்ற குற்ற வழக்கு வரும்.

விலகும் நாளை எல்லாரும் மறக்கிறோம். வேலையை விட்டவரின் விலகிய தேதியைப் பி.எஃப். தளத்தில் பதியாவிட்டால் அவரால் கணக்கை முடித்துப் பணம் எடுக்க முடியாது. கோபித்துக்கொண்டு போனவர், நோட்டீஸ் கொடுக்காமல் போனவர் என்று சிலருக்கு வேண்டுமென்றே பதியாமல் விட்ட காலமும் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து, கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாது. நீங்கள் தொழிலாளியாக இருந்து இதைப் படித்தால், பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள்.

நாமினியும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டவருக்குக் கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தால் காப்பீடாக 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் மாமியாரும் மருமகளும் பி.எஃப். அலுவலக வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யார் கல்யாணத்திலாவது மொய்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த மறுவாரம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நாமினியை மாற்றச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். மென்பொருளில் திருமண நிலை மாறினால் நினைவூட்டல் வரும்படியும் அமைக்கலாம். இன்னொன்று, இதற்காக வாங்கும் ஆதார் நகல்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது மில்லின் ஹெச்.ஆர். நல்ல பெண். கூட்டு உறுதிமொழியைச் சீக்கிரமே ஏற்றிக் கொடுத்தார். முதல் மில் மூடி வருடக்கணக்கு ஆகிவிட்டது. நல்லவேளையாக, பழைய பி.எஃப். சீட்டுகளை அந்த அம்மா தூக்கிப் போடவில்லை. மடித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். அவற்றில் கணக்கு எண் இருந்தது. பேங்க் மேலாளரிடம் சான்று வாங்கி, சீட்டுகளின் நகலோடு விண்ணப்பித்தோம். ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், மறுபடி போட்டோம். ஏழு வருடம் வந்து எட்டு வருடத்தோடு சேர ஐந்து மாதம் ஆனது.

ஓய்வூதியத்துக்கான 10டி படிவத்தை நிரப்பி அவர் முன்னால் வைத்தேன். பேனாவைக் கையில் எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"இனிசியல் எதைப் போடறதுங்க தம்பி? எங்கய்யனோடதா, அவரோடதா?"

"ஆதார்ல இருக்கிற மாதிரியே போடுங்கம்மா" என்றேன். பையிலிருந்து ஆதாரை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.